தொகாஷி சான் வாய் திறக்காத நாள்

ஓமாச்சிக்கு வடக்கே, ஏரியை ஒட்டி, முப்பத்திரண்டு கூடாரங்கள் போடக்கூடிய முகாம் மைதானம் எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளியுடையது. நான் அதன் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். விறகுக்கட்டு, குழாயடிச் சாவி, குறை, புகார் எல்லாம் இந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஒற்றை ஆட்கள். யாருடைய முகத்தையும் பார்க்காமல் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகத்தான் காசு கட்டி வருகிறார்கள். தொகாஷி சான் மட்டும் தனியாக இருக்கப் பிடிக்காமல் தனியாக வந்தவர்.

தொயாமா பக்கத்து ஆள். வயது அறுபத்து நான்கு. ஜிப் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தேழு வருஷம் பரிசோதகர் வேலை. ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் ஜிப்பை இழுத்துப் பார்த்து, பல் கோணியதை ஒதுக்கிப் போட வேண்டும். ஓய்வு பெற்ற மறுமாதமே மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். "முப்பது வருஷமா என்னையும் சேர்த்துப் பரிசோதிச்சாச்சு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதை அவர் என்னிடம் சொன்னது முதல் சந்திப்பிலேயே, விறகு வாங்க வந்த இடத்தில், நான் கேட்காமலே. மீதிச் சில்லறையை இரண்டாம் தடவை எண்ணிக் கொடுத்தேன்.

அவருடைய சாமான்களில் புதிதாக வாங்கியது என்று ஏறக்குறைய எதுவுமில்லை. கூடாரம், பழைய சாமான் கடையில் 'உபயோகத்துக்கு லாயக்கில்லை' என்று சீட்டு ஒட்டி மூலையில் கிடந்தது. உள்பக்கத்துப் பூச்சு இற்றுப்போய், தொட்டால் கையில் ஒட்டும், வாந்தி நாற்றம் அடிக்கும். ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைக்கிற சோம்பேறிகளின் கூடாரம் எல்லாம் இந்தக் கதிக்குத்தான் வரும். தொகாஷி சான் அதை வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீரும் சமையல் சோடாவும் கலந்து ஊறவைத்து, நாலு நாள் உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்து, பழைய பூச்சு முழுவதையும் உரித்தெடுத்தாராம். அந்த நாலு நாளும் குளியலுக்குப் பொதுக் குளியலறைக்குப் போனாராம். பிறகு புதிதாகத் தண்ணீர் புகாத மருந்து அடித்துக் காயவைத்தார். இரண்டு மெல்லிய கோடைக்கால ஸ்லீப்பிங் பேக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து அக்டோபர் வரை ஓட்டிவிடுவார். அவற்றைப் பைக்குள் அமுக்கி வைத்தால் பஞ்சு செத்துவிடும் என்று வீட்டில் திரைக் கம்பியிலேயே தொங்கவிட்டிருப்பாராம்.

"வீட்டுக்கு யாரு வரப்போறாங்க, தொங்கட்டுமே," என்பார்.

கூடாரக் கயிற்றைக் கட்டுகிற முளைகளில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. அடித்துச் செய்த இரும்பு முளை, மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்த்தது. "உசுய் சான், விளக்கு, மேசை, கோப்பை எல்லாம் நூறு யென் கடையில வாங்கிக்கலாம். தரையில படுற சாமான்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. முளையும் பாயும்தான் ஆளைக் காப்பாத்தும்" என்று எனக்கே எத்தனை தடவை சொல்லியிருப்பார். அவர் சொன்னது ஒன்றும் தவறாக இருந்ததில்லை. அதுதான் இன்னும் மோசம்.

ஏனென்றால் அவர் எல்லோருக்கும் சொன்னார். காலையில் காபியைக் குடித்துவிட்டு மைதானத்தை ஒரு சுற்று வருவார். எங்காவது ஒரு கயிறு தளர்ந்திருந்தால் கால் தானாக அங்கே நின்றுவிடும்.

"மன்னிக்கணும், இந்த அடிவிரிப்பு கூடாரத்தை விட நாலு விரல் வெளியில வந்திருக்குங்க. மழை பெஞ்சா தண்ணியெல்லாம் உள்ள வந்துடும்."

"ஓ, அப்படியா? ரொம்ப உதவிங்க."

"ஜிப்புல மெழுகுவத்தியைத் தேய்ச்சீங்கன்னா வழுக்கிக்கிட்டு ஓடும். இருங்க, எங்கிட்ட இருக்கு."

"ரொம்ப நன்றிங்க. ரொம்ப உதவிங்க."

எங்கள் நாட்டுக்காரர்களுக்கு முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வராது. தலையைக் குனிந்து, சிரித்து, ரொம்ப உதவி என்று சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் மதிப்புரை எழுதுவார்கள். தொகாஷி சான் அந்தச் சிரிப்பை அப்படியே நம்பினார். "இன்னிக்கு மூணு பேருக்கு உதவியா இருந்தேன்" என்று ஜன்னலில் வந்து சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாரம் முழுக்க ஒருவரிடமும் பேசியிருக்க மாட்டார் என்று அந்த முகத்திலேயே தெரியும்.

அவர் வரத் தொடங்கிய இரண்டாம் வருஷம் கோடையில் ஒரே மாதத்தில் மூன்று மதிப்புரைகள் வந்தன. 'ஏரி அழகு. கழிவறை சுத்தம். பாடம் நடத்தும் மாமா ஒருவர் இருக்கிறார், ஜாக்கிரதை.' தனியாக வந்த ஒரு பெண், பயமாக இருந்தது என்றே எழுதியிருந்தாள். முதலாளி போன் செய்து, "இன்னொரு புகார் வந்துச்சுன்னா அந்த ஆளுக்கு இடம் கிடையாது, சொல்லிடு" என்றார்.

சொன்னேன். நல்லதனமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவங்களா வந்து கேட்டாலொழிய நீங்களாப் பேசாதீங்க, பக்கத்துலயும் போகாதீங்க, இன்னொரு தடவை புகார் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது என்றேன். தொகாஷி சான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவங்க நன்றி சொன்னாங்களே," என்றார்.

"சொல்லுவாங்க, தொகாஷி சான்."

"அப்படியா," என்றார். இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். "இங்க வராம இருக்க மட்டும் முடியாதுங்க. பேசாம இருந்துக்கிறேன்."

பேசாமல்தான் இருந்தார். காலைச் சுற்று நின்றுபோனது. பத்தாம் எண் இடத்தில் நாற்காலியை ஏரிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். மதிப்புரைகளும் நின்றன. முதலாளிக்குத் திருப்தி. எனக்கும் தொல்லை விட்டது என்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஒன்பதாம் எண்ணுக்கு நாகோயாவிலிருந்து குரியாமா என்ற பெண் தனியாக வந்திருந்தாள். எல்லாம் புத்தம் புதிய சாமான். பெரிய தார்ப்பாய் ஒன்றை இரண்டு கம்பம் நட்டுக் கட்டியிருந்தாள். பதினோரு மணி வாக்கில் தொகாஷி சான் என் ஜன்னலுக்கு வந்தார். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"உசுய் சான், ஒன்பதாம் நம்பர்ல முளையெல்லாம் உள்பக்கமா சாய்ச்சு அடிச்சிருக்காங்க. வெளிப்பக்கமா சாயணும். மதியம் காத்து வந்தா பிடுங்கிக்கும். நீங்க கொஞ்சம் சொல்லிடுங்களேன்."

வரிசையில் மூன்று குடும்பங்கள் நின்றன. ஒரு குழந்தை அழுதது. "சரி, சரி, பாக்குறேன்," என்றேன். அவர் திரும்பி நடந்தார். அரைமணி கழித்து மறுபடி வந்தார்.

"தெக்குக் காத்து கிளம்பிடுச்சுங்க. அந்தப் பொண்ணு கம்பத்துக்குக் கீழயே உக்காந்து சமைக்குது."

"தொகாஷி சான், எனக்கு என்ன நாலு கையா இருக்கு? வரேன்னு சொன்னேன்ல!"

அந்தப் பெண் அவருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தாள். என்னிடம் வர அவர் முந்நூறு அடி நடந்தார், அதையும் இரண்டு தடவை. அப்போதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. 'பரவாயில்லை, இன்னிக்கு நீங்களே சொல்லுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மூன்றாவது தடவை அவர் வரவில்லை. சத்தம்தான் வந்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய் மரத்தில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தது. கம்பம் வளைந்து கிடந்தது. பன்றிக்கறிக் குழம்பு முழுக்கப் புல்லில். குரியாமாவின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பெரிய காயமில்லை. தொகாஷி சான் தன் இடத்தின் எல்லையில் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தை ஒட்டவைக்கிற குழாய்த் துண்டும் ஒட்டு நாடாவும் கையில் இருந்தன. எல்லையைத் தாண்டவில்லை.

குரியாமா எங்கள் நாட்டில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். முகத்துக்கு நேரே சொன்னாள்.

"இவரு காலைலேர்ந்து என் முளையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. விழப்போகுதுன்னு தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? என்ன மனுஷன்!"

அவர் என்னைப் பார்த்தார். 'இவர் இரண்டு தடவை வந்து சொன்னார், நான்தான் வரவில்லை, இவர் வாயை மூடியதே நான்தான்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. அலுவலகத்தின் தவறு என்று ஆகிவிடும், மதிப்புரை வரும், முதலாளி போன் செய்வார். இத்தனையும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

"ரொம்ப மன்னிக்கணும்ங்க," என்று குரியாமாவிடம் பொதுவாகக் குனிந்தேன். அவ்வளவுதான்.

தொகாஷி சானும் குனிந்தார். "மன்னிச்சுக்கங்க. சொல்லியிருக்கணும்," என்றார். மறுநாள் விடிந்ததும் கிளம்பிப் போனார். பிறகு அவர் பெயரில் முன்பதிவே வரவில்லை. குளிர்காலம் முழுக்க அந்த 'மன்னிச்சுக்கங்க' என் காதில் கிடந்தது. வெட்கமாக இருந்தது. மற்றவர்களிடம் சொல்லி ஆறுதல் தேடக்கூட வெட்கமாக இருந்தது.

ஏப்ரலில் விறகுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம், ஆற்றுப்படுகையில், காசு வாங்காத, ஆளே வராத ஓரிடத்தில் தொகாஷி சான் கூடாரம் போடுகிறாராம். விடுமுறை நாளில் என் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். இருபதடி தள்ளிப் போட்டேன். தெரிந்தே முளைகளை உள்பக்கம் சாய்த்து அடித்தேன், கயிற்றைத் தொளதொளவென்று விட்டேன். பிறகு போய் வணக்கம் சொன்னேன்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் உண்மையைச் சொல்லியிருக்கணும், தொகாஷி சான். தப்பு என்னுது."

"அதையெல்லாமா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே," என்றார். இளைத்திருந்தார். குரல் கரகரத்தது, ரொம்ப நாள் பேசாத தொண்டை.

"என் கூடாரத்தைக் கொஞ்சம் வந்து பாருங்களேன். சரியாப் போட்டிருக்கேனா?"

வந்தார். கண் ஒவ்வொரு முளையாகப் போனது. நாலாவது முளையில் நின்றது. காற்று வேறு கிளம்பியிருந்தது. அவர் கை பாதி உயர்ந்ததை நான் பார்த்தேன். திட்டுங்க, பாடம் நடத்துங்க, மதியம் வரைக்கும் நடத்துங்க என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"நல்லா இருக்குங்க," என்றார். "ரொம்ப அழகாப் போட்டிருக்கீங்க."

தலையைக் குனிந்து சிரித்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பி நடந்தார்.