தானாக மாறும் தேதி

பௌர்ணமித் தேதியைத் தவறாகப் போட்டவன் நான். அந்தத் தவறைக் கஸ்தூரி அக்காவின் தலையில் கட்டியவனும் நான்தான். அது தன்னுடைய தவறு என்றே அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

சொல்லிவிட்டேன்! இத்தனை ஆண்டுகள் தொண்டைக்குள் கிடந்தது மூன்று வரிகளில் முடிந்துவிட்டது. இதைச் சொல்லவா எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது? என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஒரு தேதிதானே என்று நீங்கள் நினைக்கலாம். திருவண்ணாமலையில் குடியிருந்து பாருங்கள், அப்போது தெரியும்! பௌர்ணமி இரவில் ஊர் கொள்ளாத கூட்டம் மலையைச் சுற்றி நடக்கும். அந்த ஓர் இரவை நம்பித்தான் இங்கே பூக்கடை முதல் லாட்ஜ் வரை எல்லாருடைய மாதமும் ஓடுகிறது. அந்த இரவு எது என்பதை மாற்றிச் சொன்னவனை இந்த ஊர் சும்மா விடுமா? என்னை விட்டது. ஏனென்றால் நான் வேறொருத்தியைக் கைகாட்டிவிட்டேன்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, நான் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த திமிர் எனக்கு. 'இங்கு வெப்சைட் செய்து தரப்படும்' என்று வாசலில் பலகை வேறு மாட்டியிருந்தேன். அதைப் பார்த்து ஒருவரும் உள்ளே வரவில்லை. வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள்.

கஸ்தூரி அக்கா அடுத்த தெருவில் ஆறு அறைகள் உள்ள ஒரு சிறு விடுதியை நடத்திவந்தார். வீடு அவருடைய கணவர் தணிகாசலத்தின் பெயரில் இருந்தது. அவர் வேன் ஓட்டுபவர். விடுதியை ஒரு புரோக்கரிடம் லீசுக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அக்கா சண்டை பிடித்து ஒரு கெடு வாங்கியிருந்தார். கார்த்திகை தீபம் வரை அக்காவே நடத்திக் காட்டலாம். நடுவில் ஒரு வம்பு வந்தாலும் சாவி புரோக்கர் கைக்குப் போய்விடும்.

இது தெருவுக்கே தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காக நீங்கள் வக்காலத்து வாங்க வேண்டாம்!

ஒருநாள் அக்கா என் கடையில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டார். விடுதியில் தங்கிய ஒரு வெளிநாட்டுப் பெண் அவருக்கு ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தயாராக இருக்கும் பக்கங்களில் படத்தையும் எழுத்தையும் பொருத்தி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இணையதளம் அமைத்துக்கொள்ளலாம் என்ற சேவை அப்போதே வந்துவிட்டது. அதில் அவர் தன் விடுதிக்கு ஒரு தளம் அமைத்துவிட்டார். பத்தாவது வரை படித்தவர். என் கடை நாற்காலியில், என் கண்ணெதிரிலேயே!

"பாருங்க தம்பி, நானே பண்ணேன்! அடுத்த பௌர்ணமி என்னிக்குனு கூட போட்டுட்டேன். மாசாமாசம் வந்து நானே மாத்திக்கலாமாம்."

பார்த்தேன். மின்னுகிற தாமரை, ஓடுகிற எழுத்து, மொட்டைமாடியிலிருந்து எடுத்த மலையின் படம், தொலைபேசி எண், பௌர்ணமித் தேதி. அவ்வளவுதான் இருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தேவையும்கூட!

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

அது ஏளனச் சிரிப்பு என்று அவர் நினைத்திருப்பார். உண்மையில் எனக்கு உள்ளே நடுங்கியது. இந்த அம்மாவே செய்துகொள்ள முடியுமென்றால் இந்தத் தெரு முழுக்கச் செய்துகொள்ளுமே... பிறகு நான் எதற்கு? நான் படித்த படிப்பு எதற்கு? அந்தப் பலகை எதற்கு? வயிறு எரிந்தது எனக்கு. ஒரு பெண்ணின் சந்தோஷத்தைப் பார்த்து வயிறு எரிந்தவன்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இலவசத் தளத்தின் தலையில் ஒரு விளம்பரம் வந்துகொண்டிருந்தது. உடம்பு இளைக்க மாத்திரை. அரைகுறை உடையில் ஒரு பெண். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா இது? சாமி கும்பிட வர்றவங்களுக்கு இதையா காட்டுவீங்க? ஓசியில குடுத்தா இப்படித்தான். நாளைக்கே மூடிட்டுப் போயிடுவான், யாரைப் போய்க் கேப்பீங்க?"

அக்காவின் முகம் வாடிப்போயிற்று. நான் விடவில்லை. உங்களுக்கென்றே தனியாகச் செய்து தருகிறேன், சொந்தப் பெயரில் இருக்கும், விளம்பரம் இருக்காது, ரூம் கேட்பவர்கள் அதிலேயே கேட்கலாம், தேதியை மாற்ற நீங்கள் வர வேண்டியதே இல்லை, தானாக மாறிவிடும் என்று அடுக்கினேன். அவர் விளம்பரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் சரி என்றார்.

நான் சொன்னதில் பாதி உண்மைதான். சொந்தப் பெயரில் தளம் இருப்பது நல்லதுதான், விளம்பரம் அசிங்கம்தான். ஆனால் ஆறு அறை விடுதிக்கு எது பொருத்தம் என்று நான் ஒரு நிமிடமாவது யோசித்தேனா? எனக்கு எது பெருமை என்றுதான் யோசித்தேன். தன் கையால் தேதியை மாற்ற முடிந்தவரின் கையிலிருந்து அதைப் பிடுங்கி, நான் மட்டும் தொடக்கூடிய இடத்தில் வைத்தேன். அதற்கு 'தனியாகச் செய்தது' என்று பெயர் சூட்டினேன்!

தேதியைக் கணக்கிட ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். நிலவு முழுமையடையும் நேரத்தை எடுத்துக்கொண்டு, அந்த நாளைப் பௌர்ணமி என்று காட்டும். முதல் மாதம் அந்த நேரம் இரவில் அமைந்ததால் தேதி சரியாக வந்தது. நான் தலைகால் புரியாமல் ஆடினேன்.

அடுத்த மாதம் நிலவு முழுமையடைந்தது ஞாயிறு காலையில். ப்ரோக்ராம் ஞாயிறு என்று காட்டியது. ஆனால் நிலவு முழுமையடையும் நொடியில் பௌர்ணமித் திதி முடிகிறது, தொடங்குவதில்லை! ஞாயிறு காலையில் முடிகிற திதிக்குக் கிரிவலம் சனிக்கிழமை இரவு. இது இந்த ஊரில் பூக்கட்டுகிறவருக்கும் தெரியும், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கிழிக்கிற எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அண்ணாந்து வானத்தையும் பார்க்கவில்லை, நாள்காட்டியையும் பார்க்கவில்லை.

மும்பையில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம் தளத்தைப் பார்த்து ஆறு அறைகளையும் கேட்டது. கோரிக்கை என் மெயிலுக்குத்தான் வரும். அப்படித்தான் நான் அமைத்திருந்தேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமையா? பௌர்ணமி சனிக்கெழமை தானே தம்பி?" என்று அவர் கேட்டார்.

கேட்டாரே... அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? "கும்பல் ஜாஸ்தின்னு மறுநாள் வர்றாங்களோ இன்னாவோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தளத்தைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு மாலை அவர்கள் வந்து இறங்கினார்கள். பெரிய அறுவை சிகிச்சையிலிருந்து பிழைத்த ஓர் அம்மாள், மகன்கள், மருமகள்கள், குழந்தைகள். பௌர்ணமியன்று மலையைச் சுற்றுவதாக அந்த அம்மாளின் வேண்டுதல். கிரிவலப் பாதையில் துப்புரவுப் பணியாளர்கள் அன்னதானத் தட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே அவர்களுக்கு ரயில்.

மூத்த மகன் தெருவில் நின்று கத்தினார். ஏமாற்றுக்காரி என்றார். ரூமை நிரப்பப் பொய்த் தேதி போட்டிருக்கிறாள் என்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா அவரை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பின்னாலேயே அந்த அம்மாளும் தணிகாசலமும் வந்தார்கள்.

திரையில் ஞாயிறு என்று பளிச்சென்று நின்றது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் தவறு, முழுக்க என் தவறு...

அக்கா என்னைப் பார்த்தார். "நான் தான் தப்பா குடுத்துட்டேனா தம்பி?"

ஒரு தேதியும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை; தானாக மாறும் என்று சொன்னவன் நான், சனிக்கிழமைதானே என்று சரியாகக் கேட்டவர் அவர். ஆனாலும் ஐயம் அவருக்கு அவர் மேலேயே வந்தது! கம்ப்யூட்டர் தவறாது, படித்தவன் தவறமாட்டான் என்றால் மிச்சம் இருப்பது யார்? அந்த நினைப்பை அவருக்குள் விதைத்தவன் நான். அன்று நான் சிரித்த சிரிப்பு.

"ஆமாக்கா. நீங்க சொன்னது தான் போட்டேன்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? நாக்கு குழறவில்லை. அக்கா அந்த அம்மாளின் முன்னால் கைகூப்பி, "என் புத்திக் கொறைவு, மன்னிச்சிடுங்க" என்றார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தணிகாசலம் மட்டும்தான் பேசினார்.

"போதும். நீ நடத்திக் கிழிச்சது போதும்."

கார்த்திகைக்கு இன்னும் நாள் இருந்தது. சாவி அந்த வாரமே புரோக்கரிடம் போய்விட்டது. அதன் பிறகு அதே வீட்டில் அக்கா அறைகளைக் கூட்டி, விரிப்புகளைத் துவைத்தார். யாருக்கு அறை கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். நான் மறுநாள் காலையிலேயே ப்ரோக்ராமை நீக்கிவிட்டுத் தேதியைக் கையால் அடித்தேன். தடயத்தை அழிப்பதில் மட்டும் எனக்கு அத்தனை சுறுசுறுப்பு!

அவர்மேல்கூட எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்னை நம்பினார்? ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை? பாருங்கள், இப்போதும் அவர் மேல்தான் பழியைத் தள்ளப் பார்க்கிறேன். இந்தப் புத்தி என்னை விட்டுப் போகவே போகாதா?

அக்கா அதற்குப் பிறகு என் கடையில் உட்காரவேயில்லை. மெயில் பார்க்கக்கூட உட்காரவில்லை. "நமக்கெல்லாம் இது சரிப்படாது தம்பி" என்பார். அப்படிச் சொல்லும்போது சிரிப்பார். விடுதி போனதைக்கூட நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். அந்தச் சிரிப்பை விழுங்க முடியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். கூட அண்ணன் மகள் ரேவதி. கீழ்பென்னாத்தூரில் கடலை மிட்டாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாளாம். வெளியூருக்கும் விற்க ஆசை. இலவசமாகக் கிடைப்பதை வைத்துத் தானே ஒரு தளம் செய்து பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி என்னிடம் சொல்ல வாயெடுத்தாள்.

அக்கா அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீயா எதையும் தொடாத. நாம தொட்டா தப்பாயிடும், நான் பட்டிருக்கேன். தம்பிகிட்ட வுட்டுடு. எங்க தம்பி எதையும் தப்பா போடமாட்டார்."

ரேவதி தயங்கினாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். இல்லையக்கா, தப்பு என்னுடையது... இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அக்கா என் எதிரில் நம்பிக்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரும்மா," என்றேன். "சைட்டுக்கு இன்னா பேர் வைக்கலாம்?"