மூன்றாவது தடவை திரும்பி வந்த பீஸ்

கணினி நிரல் எழுதச் சொல்லித்தரும் தொழிலில் பாதி வேலை படம் போடுவது. மீதி, போட்ட படத்தை அழிப்பது. கரும்பலகையோடு மல்லுக்கட்டும் சக வாத்தியார்களுக்கு இது தெரியும். வெளிநாட்டில் இருபது வருடம் நிரல் எழுதிவிட்டு ஊர் திரும்பிய நான், முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி மாடியில் ஞாயிறுதோறும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன்.

அம்புகள்

முதல் நாள். கட்டங்கள், அவற்றை இணைக்கும் அம்புகள் என்று பலகை நிறைய ஃப்ளோசார்ட் வரைந்தேன். முன் வரிசையில் ஜெபராணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பன்னிரண்டு வருடமாக செக்கிங் மேசையில் நின்றே வேலை. முழங்கால் போய்விட்டது, இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வகுப்பு முடிவில் நடக்கும் பரீட்சையில் தேறினால் ஆபீசில் உட்காரும் வேலை, இல்லையென்றால் வீடு என்பது மேனேஜரின் முடிவு.

செக்கிங்கில், 'பீஸ்' என்று சொல்லும் தைத்த துணியில் பழுது தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எனக்கு அது மறந்துபோயிருந்தது. பலகையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"என்ன சார், இத்தனை டேமேஜ வச்சுக்கிட்டு பீஸ எப்படி பாஸ் பண்ணுவிய?"

ஆமா, இல்லை

சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு கேள்வி இருக்கும். பதில் 'ஆமா' அல்லது 'இல்லை', அவ்வளவுதான். எளிய உதாரணமாக இருக்கட்டும் என்று அயர்னிங் மாஸ்டர் சண்முகத்திடம், "டீ குடிச்சாச்சா?" என்றேன். அவர் 'ஆமா' அம்பையும் 'இல்லை' அம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குடிச்சனுங்க சார், ஆனா சக்கரை பத்தலீங்க. அது எந்தப் பக்கம் போகோணுங்க?"

பரீட்சை

கேள்வி நான் தயாரித்தது. தைத்த பீஸ் செக்கிங்குக்கு வருகிறது. சரியென்றால் பேக்கிங், இல்லையென்றால் தையலுக்குத் திரும்பிப் போய், மறுபடி செக்கிங். படம் வரைந்து, அதற்குப் பத்து வரி நிரல் எழுத வேண்டும்.

என் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் திருத்தினார். ஜெபராணியின் படத்தில் ஒரு சாய்சதுரம் கூடுதலாக இருந்தது: 'மூணாவது தடவையா?' ஆமா என்றால், ரிஜெக்ட் பெட்டி. "சார் விடைல இது இல்லீங்களே" என்று மேனேஜர் அந்தக் கட்டத்தைத் தப்பென்று சுழித்தார். உண்மையைச் சொன்னால், நானும் தப்புத்தான் என்று தலையாட்டினேன்.

ஜெபராணி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தையல் போட்டும் சரியாவாத பீஸு உண்டுல்லா சார்? ஓட்டை விழுந்தது எங்க போவும்?"

அவர் நிரலையும் என் நிரலையும் கணினியில் ஏற்றி, ஓட்டை விழுந்த பீஸ் ஒன்றை இரண்டுக்கும் கொடுத்தேன். அவருடையது மூன்றாவது சுற்றில் அதை ரிஜெக்டில் போட்டுவிட்டு நின்றது. என்னுடையது செக்கிங், தையல், செக்கிங், தையல் என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. மேனேஜர் டீயைக் குடித்து முடித்தார், அப்போதும் ஓடியது. டம்ளரை வைத்துவிட்டு, சுழித்த இடத்தில் தானே மார்க் போட்டார்.

"சார் பீஸ் ஓடீட்டே இருக்கட்டுங்க. அந்தக்கா திங்கக்கிழமை ஆபீசுல வந்து உக்காரட்டும்."

இப்போதெல்லாம் நான் வரையும் எந்தப் படமும், சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கட்டோடு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தாண்டாமல் பலகைக்குப் போவதில்லை.