கிழக்குச் சரிவின் குரல்

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டியே காலத்தை ஓட்டியவர். தொழிலில் எல்லோருக்கும் அவர் 'கத்திரி அக்கா'. மாப்பிள்ளையின் தொப்பையை மறைப்பார், சித்தப்பாக்களின் சண்டையைச் சுவடில்லாமல் தூக்குவார். தன் ஆசைக்கென்று அவர் செய்த முதல் படம், கிழக்குச் சரிவுக் காட்டைப் பற்றியது.

அங்கே கல்குவாரி வரப்போகிறது. சிலம்பன் என்ற பாட்டுப் பறவை மேற்கு மலையிலும்தான் இருக்கிறது, கிழக்கில் அழிந்தால் என்ன நஷ்டம் என்பது குவாரிக்காரர்களின் வாதம். கிழக்குச் சிலம்பனின் பாட்டே தனி, அது வேறெங்கும் கிடையாது என்று காட்டத்தான் படம்.

குவாரிக்கு அனுமதி கொடுப்பதா என்ற விசாரணையில் படத்தைப் போட அரங்கின் விளக்கை அணைத்தார்கள். திரையில் பறவை வாயைத் திறந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தேனாக இழுத்துப் பாடியது மேற்கு மலைப் பறவையின் குரல்!

பக்கத்தில் கொழுந்தன். கடைசி நேரத்தில் படத்துக்கு ஒலி சேர்த்தவன் அவன்தான்.

"என்னடா இது?"

"கிழக்கோடது மூணே சத்தத்துல நின்னுடுது அண்ணி. தொண்டை கட்டின மாதிரி. அதான் நல்லதா ஒண்ணு மாத்திப் போட்டேன். எப்படி இருக்கு?"

"உன் தலை மாதிரி இருக்கு. இது என்ன கல்யாண வீடியோவா, இஷ்டத்துக்குப் பாட்டுப் போட?"

எழுந்தார். "படத்தை நிறுத்துங்க! தப்பான குரல் போட்டிருக்கு."

குவாரி வக்கீல் சிரித்தார். "என்னம்மா, உங்க ஆளுங்களுக்கே எது எந்தப் பறவைன்னு தெரியல. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"

கொழுந்தன் நாற்காலிக்குள் சுருண்டான். அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. சட்டைக் காலரைப் பிடித்து அவனை எழுப்பினார்.

"ஏன் மாத்தின? சொல்லு."

"விடுங்க அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். சத்தமா சொல்லு!"

"கிழக்குப் பறவை பாடறது நல்லா இல்ல. மேற்கோடது மாதிரி இழுக்கவே மாட்டேங்குது."

"கேட்டீங்களா சார்? காட்டுப் பக்கமே போகாத தடியன். இவன் காதுக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா எதுக்கு மாத்தணும்?"

விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டையும் போடுங்க, கேப்போம்."

மடிக்கணினியைக் கொழுந்தன் தொடப்போனான். அவன் கையைத் தட்டிவிட்டு அக்காவே போட்டார். மேற்கின் தேன் வழிந்து முடிந்தது. அடுத்து கிழக்கு: கரகரப்பாக மூன்று வெட்டு, ஒரு மௌனம், மறுபடி மூன்று. வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையமர்த்திவிட்டு இன்னொரு முறை கேட்டார். நிபுணர்கள் நேரில் பார்த்துச் சொல்லும்வரை குவாரிக்கு அனுமதி இல்லை என்றார்.

வெளியே படிக்கட்டில் கொழுந்தன் பல்லிளித்தான். "பாத்தீங்களா, என்னாலதான் தப்பிச்சோம்."

"அப்படியா? வீட்டுக்கு வா. உங்க அண்ணனை வச்சுக்கிட்டுப் பேசறேன்."