தொங்கிய எஞ்சினுக்கு அடியில்

என் கணவர் புத்தூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பழைய டீசல் காரின் எஞ்சின் பழுதாகிவிட, உடைந்த வான் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய எஞ்சினைப் பூட்ட முடிவு செய்தார். மாமரக் கொப்பில் சங்கிலிக் கப்பி கட்டி, கற்களில் ஏற்றி வைத்த காருக்குள் அதை மெல்ல இறக்கினோம். அது தொங்கிக்கொண்டிருக்க, அவர் அடியில் படுத்து ஆணி முடுக்கினார்.

அப்போது குண்டு போட வரும் பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. உதவிக்கு நின்ற என் தம்பி எங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பதுங்க வெட்டிய பங்கர் குழிக்குள் ஓடினான்.

“வாங்கோ,” என்றேன்.

“ஒரு ஆணிதான் கிடக்கு. நீ போ, நான் வாறன்.”

“நீங்கள் வராமல் நான் போகமாட்டன்.”

அவருடைய காலைப் பிடித்து இழுத்தேன்.

“உன்னோடை பெரிய கரைச்சல்,” என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தார்.

பங்கருக்குள் இறங்கியதும் நிலம் அதிர்ந்தது. குண்டு எங்கோ தள்ளித்தான் விழுந்தது. ஆனால் வெளியே வந்து பார்த்தபோது, கொப்பு முறிந்து எஞ்சின் விழுந்திருந்தது. கற்கள் சரிந்து, காரின் முன்பக்கம் நிலத்தோடு படிந்து கிடந்தது. அவர் பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டார்.

பொம்பர் வராவிட்டாலும் அந்தக் கொப்பு முறிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது காருக்கு அடியில் தடித்த பனங்குற்றிகளை அடுக்காமல் அவரைப் படுக்க விடுவதில்லை. அவர் ஸ்பனரை எடுத்ததும் நான் கேட்பது, “குற்றி வைச்சாச்சோ?” என்பதுதான்.