ஆறு இருபத்திரண்டுக்கு ஊதிய சங்கு

கடற்கரையோரத்துப் பழைய சுங்கக் கந்தோரின் கூரையில் இருக்கும் நேரச் சங்கைத் திருத்தியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் ஊருக்கு நேரம் சொன்ன மின்சாரச் சங்கு அது. சண்டைக் காலத்தில் ஓய்ந்து, உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்தது. கந்தோரைப் புதுப்பித்து வாசிகசாலை ஆக்கியபோது, சங்கு ஊதியவர் நாள்தோறும் ஊதிய நேரத்தை எழுதிவைத்த கொப்பி ஒன்று அலுமாரியின் அடித்தட்டில் கிடைத்தது. இரண்டே நாளில் வாசித்து முடித்து, சங்கின் வரலாற்றையும் எழுதிவிட்டேன். ஒரு மாதம் மட்டும் மாலை நேரம் ஆறு இருபது, ஆறு இருபத்தொன்று, ஆறு இருபத்திரண்டு என்று தாறுமாறாகக் கிடந்தது. பக்கத்தில் பென்சிலால் ‘கடிகாரம் பழுது’ என்று குறித்தேன். அவ்வளவு கெட்டிக்காரி.

மோட்டாரைத் திருத்தியவர் பள்ளிவாசலடி நானா ஒருவர்; முஸ்லிம் அண்ணர்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். நோன்பு மாதம். பச்சைத் தண்ணீர் படாத வாயோடு பின்னேரம் முழுக்கக் கூரையில் நின்றார்.

“தங்கச்சி, நான் சொல்லாமல் சுவிச்சில கை வைக்காதீங்கோ.”

“ஓம் நானா.”

மழை இருட்டு. மேலே தட்டுகிற சத்தம் நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று நானே முடிவெடுத்துச் சுவிச்சை அமத்தினேன். நேரம் ஆறு பதினாறு.

சங்கு எழும்பிய எழும்பில் கூரைக் காகங்கள் எல்லாம் கடல் பக்கம் பறந்தன. நான் துள்ளி முடிக்கவில்லை, நானா வயரைப் பிடுங்கிவிட்டு எதிர்த் தேத்தண்ணிக் கடையைப் பார்த்துக் கத்தினார்: “ஆரும் வாயில வைச்சிடாதீங்கோ. இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு.”

நோன்பு திறக்கக் காத்திருந்தவர்கள் கஞ்சிக் கோப்பையைத் தூக்கியபடியே நின்றார்கள். கடைக்காரரின் கன்னம் மட்டும் ஒரு பக்கம் புடைத்திருந்தது. விழுங்கியிருந்தால், விடியமுன்னம் இருந்து அவர் பிடித்த நோன்பு என்னால் போய்விடும்.

நானா இறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். “விழுங்கினீங்களோ?” என்று கேட்டேன்.

கடைக்காரர் இல்லையென்று தலையாட்டி, பேரீச்சம்பழத்தை முழுசாக உள்ளங்கையில் துப்பினார்.

“பல்லும் படேல்லை,” என்றார். “சங்கு கேட்டால் கை தானாப் போகுது, மகள். முந்தி நோன்பு மாசத்தில இது ஆறுக்கு ஊதாது, பொழுது பட்டாப் பிறகுதான் ஊதும். ஊதினவர் உங்களைப் போலச் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர்தான். ஒரு நாளும் பிசகினதில்லை.”

“இவ சங்கூதின முதல் நாளே ஆறு நிமிசத்தைக் களவெடுத்துப் போட்டா,” என்றார் ஒருவர். கடை முழுக்கச் சிரித்தது.

ஓடிப்போய்க் கொப்பியைத் திறந்து, ‘கடிகாரம் பழுது’ என்பதை அழித்தேன். பழுது கடிகாரத்தில் இல்லை.

நானா பிடுங்கிய வயரைத் திரும்பக் கொழுவிவிட்டு வந்தார். “இப்ப நீங்களே அமத்துங்கோ. மணிக்கூட்டைப் பாத்து.”

ஆறு இருபத்திரண்டு. அமத்தினேன். கூடவே பள்ளிவாசலில் பாங்கும் எழுந்தது. எதிரே கடைக்காரர், கழுவி வைத்திருந்த அதே பேரீச்சம்பழத்தை எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, வாயில் போட்டார்.