இரவல் கட்டில்

எங்கள் வீட்டில் ஒருநாளும் கார் இருந்ததில்லை. ஆனால் கராஜ் இருந்தது. வீடு கட்டும்போது என் கணவர் பிடிவாதம் பிடித்துக் கட்டுவித்த கராஜ். "கராஜ் இருந்தா கார் தானா வரும்" என்றார். கார் வரவில்லை. சேவைக் கழகத்தின் சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும், கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும் இரண்டு ஆஸ்பத்திரிக் கட்டில்களும்தான் வந்தன. கழகத்துக்கு அப்போது சொந்தக் கட்டடம் கிடையாது. நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கவென்று யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய இந்தச் சாமான்களை எங்கே வைப்பது என்று கூட்டத்தில் கேட்டதும் இவர் கையைத் தூக்கிவிட்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்தான் கழகத்தின் செயலாளர். புதன்கிழமைகளில் உட்துறைமுக வீதியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடக்கும். தலைவர் மணி அடிப்பார், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், பிறகு தேநீரும் பற்றிஸும். மறுநாள் விடிய, வேலைக்குப் போகுமுன் இவர் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து வாராந்தச் செய்திமடலைத் தட்டுவார். அதில் இரண்டே பகுதி, கடந்த வாரம், வரும் வாரம். கடந்த வாரம் வெருகலில் கண் முகாம். வரும் வாரம் தம்பலகாமத்துப் பாடசாலை ஒன்றுக்குத் தண்ணீர் வடிகட்டி. முந்தி அதைப் போட்டோக்கொப்பி எடுத்துச் சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தார். பிறகு எல்லோருடைய தொலைபேசிக்கும் போனது. இங்கே குசினிக் குழாய் மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. "அதையும் வரும் வாரத்தில போடுங்கோவன்" என்று நான் கத்துவேன். "ஓம் ஓம், அடுத்த மடலில" என்பார், தலையைத் தூக்காமல்.

மடலின் கடைசி வரி எப்போதும் இரவல் பற்றியது. இந்த வாரம் சக்கர நாற்காலி இரண்டு, கட்டில் ஒன்று வழங்கப்பட்டன என்று பெருமையாக எழுதுவார். திரும்பி வந்ததைப் பற்றி ஒருநாளும் எழுதியதில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. இரவல் கேட்பவர்கள் அவர் வீட்டில் நிற்கும் நேரம் பார்த்து வருவார்கள். திருப்பித் தருபவர்கள் பகலில், அவர் துறைமுகத்தில் வேலையாக இருக்கும்போது வருவார்கள். அவர்களுக்கு நான்தான் ஆள்.

கால் முறிந்தவர்கள் சிலர் சிரித்துக்கொண்டு வந்து ஊன்றுகோலைத் தந்துவிட்டுப் போனதுண்டு. மற்றவர்கள் வந்தால் என்ன நடந்தது என்று கேட்கத் தேவையில்லை. சாமானை நன்றாகக் கழுவித் துடைத்து, டெற்றோல் மணக்க மணக்கக் கொண்டு வருவார்கள். கராஜுக்குள் வைத்துவிட்டுப் போகாமல் நிற்பார்கள். "இருங்கோ" என்று ஒரு கதிரையை இழுத்துப் போடுவேன். தேத்தண்ணி ஊற்றுவேன். அதற்குப் பிறகு அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு மீனவர் வந்தார். "வாப்பா மௌத்தாயிட்டாரு அக்கா" என்றார், தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு. கடைசி நாள் தகப்பன் தோணி எஞ்சின் திருத்தியாயிற்றா என்று கேட்டாராம். ஆயிற்று என்றாராம் மகன். "திருத்தல்ல அக்கா. இன்னும் அப்படியேதான் கிடக்கு" என்று அழுதார். தம்பலகாமத்துப் பெண் ஒருத்தி புது அரிசி ஒரு பையோடு வந்தாள். தேத்தண்ணியில் சீனி இல்லை என்று புருசன் கடைசியாக ஏசினாராம். நீரிழிவு என்று அவள் போடவில்லை. "போட்டுக் குடுத்திருக்கலாம், என்ன? சொல்லுங்கோ, போட்டிருக்கலாம்தானே?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கேட்டுக்கொண்டிருக்கத்தான் வரும். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். அவர்கள் போன பிறகு அன்றைய சமையல் எனக்கு உப்பாகவோ கரியாகவோ முடியும். "என்ன இது?" என்று முகத்தைச் சுளிப்பார் இவர். "உங்கட சேவைதான்" என்பேன்.

பிறகு அவருக்கே வருத்தம் வந்தது, புற்றுநோய். அது முதுகெலும்புக்கு இறங்கி, எழும்ப ஏலாது என்றானதும் கழகத்து ஆட்கள் நால்வர் வந்து கராஜிலிருந்த கட்டிலைத் தூக்கி விறாந்தையில் போட்டார்கள். அந்த வாரமும் மடல் போகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "எழுது, கட்டில் ஒன்று வழங்கப்பட்டது. பயனாளி செயலாளர்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரியை அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அவர் செத்த வாரம் மடலைப் புதிய செயலாளர் எழுதினார். நீண்ட நோயின் பின் அமைதியாக எம்மை விட்டுப் பிரிந்தார் என்று இருந்தது. யார் அவருக்கு அதைச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி எழுதுவதுதான் வழக்கம். செத்தவீட்டுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். "கஷ்டப்படாமப் போயிட்டார் அக்கா, அது பெரிய காரியம்." நான் "ஓம்" என்றேன். கனடாவிலிருந்து மகள் போனில் கதறியபோது அவளுக்கும் அதைத்தான் சொன்னேன். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வேறெதைச் சொல்வது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு கட்டிலை முற்றத்தில் போட்டுக் கழுவினேன். டெற்றோல் விட்டுத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாகக் கராஜுக்குள் தள்ளினோம். அவர் தன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். எத்தனையோ பேர் நின்ற அதே இடம். இருங்கோ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். உள்ளே போய் உலை வைத்தேன்.

அதற்குப் பிறகும் சாமான் திருப்பித் தர ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சில நேரம் என் கதை தொண்டைவரை வரும். ஆனால் தங்கள் சாவைச் சுமந்துகொண்டு வந்தவர்களின் தலையில் என் சாவையும் ஏற்ற மனம் வராது. விழுங்கிவிடுவேன். அப்படியும் அவர்கள் வந்தது எனக்கு வேண்டியிருந்தது. என்றைக்காவது ஒருவரிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை மடலில் பார்த்தேன். வரும் வாரம்: எமது புதிய கட்டடத்தில் மருத்துவ உபகரண இரவல் நிலையம் ஞாயிறு காலை திறப்பு. அதற்கு இவருடைய பெயர். சாமான்கள் சனிக்கிழமை இடம் மாற்றப்படும். என் வீட்டுச் சாமான் போவதை ஊரோடு ஊராக நானும் தொலைபேசியில் வாசித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"அக்காவுக்கு இனியும் கரைச்சல் குடுக்க ஏலாது எண்டு எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்றார் அவர், நல்ல செய்தி சொல்கிற குரலில்.

"கரைச்சல் எண்டு ஆர் சொன்னது? நான் சொன்னனானோ?"

"இல்லையக்கா. நீங்கள் சொல்ல மாட்டீங்கள் எண்டு எங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் வந்து நாடா வெட்ட வேணும்."

நல்ல மனிதர். அவரோடு சண்டை பிடிக்கலாம், இவருடைய பெயர்ப்பலகையோடு எப்படிச் சண்டை பிடிப்பது? சரி என்று வைத்துவிட்டேன். சனிக்கிழமை லொறி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போனது. பின்னேரம், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வெறும் கராஜுக்குள் வந்து படுத்தது. நான் அதைத் துரத்தவில்லை.

ஞாயிறு காலை நாடா வெட்டினேன். மணி அடித்தார்கள், எழுந்து நின்றோம். இவரைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசினார்கள். குழாய் ஒழுகியதைத் தவிர எல்லாம் சொன்னார்கள். பிறகு முதல் இரவல். கழகத்தில் எதைக் கொடுத்தாலும் கொடுப்பவரும் வாங்குபவரும் அதில் கையை வைத்தபடி படம் எடுக்க வேண்டும், அது மடலுக்கு. வாங்க வந்தவள் சாம்பல்தீவுப் பிள்ளை ஒருத்தி. தகப்பனுக்குக் கட்டில் வேண்டுமாம். வெள்ளைப் பெயின்ற் அடித்து, கால்மாட்டில் கழகத்தின் சின்னம் ஒட்டி ஒரு கட்டிலை உருட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கட்டில். அவர் படுத்திருந்த காலத்தில், கை நோகாமலிருக்கக் கைப்பிடியில் நான் சுற்றியிருந்த சேலைத் துண்டை யாரும் கழற்றவில்லை. தலைமாட்டை நான் பிடித்தேன், கால்மாட்டை அவள் பிடித்தாள். படம் எடுக்கிறவர் வெளிச்சம் சரியில்லை என்று யன்னலைத் திறக்கப் போனார்.

அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டாள். "அன்ரி, இதில முந்திப் படுத்திருந்த ஆளுக்குச் சுகமாயிட்டுதோ?"

"இல்லை மகள். செத்திட்டார். என்ட மனுசன்தான்."

அவள் கட்டிலை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் கிட்ட வந்தாள். "அப்பாவுக்கு இனி ஏலாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். எப்பிடி இருக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லுகினம் இல்லை. கடைசியில அவருக்கு நோவு இருந்ததோ அன்ரி?"

"இருந்தது" என்றேன். "சரியான நோவு. மருந்துக்கும் அடங்கேல்ல. விடியும்வரைக்கும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். நான் கையைப் பிடிச்சபடி பக்கத்திலதான் இருந்தனான். இங்கதான் இருக்கிறன் எண்டு காதுக்குள்ள சொன்னனான். அவருக்கு விளங்கேல்ல. நான் வரேல்ல எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனவர்."

"இஞ்ச பாருங்கோ ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டார் படம் எடுக்கிறவர். நாங்கள் பார்க்கவில்லை.

"நீங்கள் கையை விடேல்லத்தானே?" என்று கேட்டாள் அவள்.

"விடேல்ல மகள்" என்றேன். அவ்வளவு பேருக்கும் முன்னால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சத்தம் வைத்து அழுதேன்.