நட்சத்திரம் அடைத்த குழாய்

மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டாள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. எங்கள் பாத்ரூம் வாடைதான் காரணம்!

மசக்கைக் காலம் முடிந்தும் ஜெனிக்கு மூக்கு மட்டும் அடங்கவில்லை. எங்களுக்குப் பழகிப்போன அந்தச் சாக்கடை வாடை அவளுக்குக் குடலைப் புரட்டியது. வாஷ்பேசின் பக்கம் போனாலே வாந்தி. "வாடை போனப்பெறவு சொல்லும்மா, வாரேன்" என்று சாத்தான்குளத்துக்கு, மாமியார் வீட்டுக்கே கார் ஏறிவிட்டாள்.

முதல் பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டில் தங்க முடியவில்லை என்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பினாயில், பிளீச்சிங் பவுடர், எலுமிச்சம்பழத் தோல்... எல்லாம் பார்த்தாயிற்று.

பிளம்பர் அந்தோணியை வரவழைத்தோம். வாய் ஓயாத மனிதர். சுவரோரம் இறங்குகிற பழைய இரும்புக் குழாயை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினார். அப்பளமாக நொறுங்கி விழுந்தது. தூத்துக்குடி உப்புக் காற்று லேசுப்பட்டதா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிவிசி போட்டுவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார் – மொட்டை மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற துண்டை மட்டும் தொடக் கூடாது. அது நல்ல ஸ்ட்ராங்காக இருக்கிறதாம்.

காரணம் எனக்குத் தெரியும். டிசம்பர் வந்துவிட்டால் தெருவிலேயே பெரிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எங்கள் வீட்டில்தான் எரிய வேண்டும். கடல் காற்றோ அதைக் கம்போடு சாய்த்துவிடும். அதனால் சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் குழாயின் வாயில் இரும்புக் கம்பியை நட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் காற்றுக்கும் நட்சத்திரம் அசையவில்லை. சர்ச் வாசலில் நின்றாலே தெரிகிறது என்று பெருமை வேறு.

புதுக் குழாய் போட்டு முடிந்தது. ஆசையாக ஃபிளஷை அழுத்தினேன்... வாஷ்பேசின் 'களக் களக்' என்றது. சாயங்காலமே பழைய வாடை வந்துவிட்டது.

அந்தோணி மாடிக்கு ஏறினார். நாங்களும் பின்னாலேயே போனோம். கம்பியைப் பார்த்தவர் சுற்றியிருந்த சிமெண்டை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார்.

"சார், இது காத்து போய்வார குழாயில்லா? இது வாயிலயா சிமெண்ட் வச்சு அடைச்சிருக்கிய?"

அப்புறம்தான் விளக்கினார். வாஷ்பேசினுக்குக் கீழே குழாய் வளைகிற இடத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்குமாம். சாக்கடை வாடையை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மேலே காற்றுக்கு வழி இல்லையென்றால், ஃபிளஷ் தண்ணீர் இறங்குகிற வேகத்தில் அதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுமாம். காவல் போய்விட்டால் அப்புறம் வாடைக்கு என்ன தடை?

எண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டை போடுகிறோமே – ஒன்று எண்ணெய்க்கு, இன்னொன்று காற்றுக்கு. இத்தனை காலம் அடுப்படியில் நிற்கிறேன், வீட்டுக்கும் அது வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

என் வீட்டுக்காரர் அந்தோணியிடம் ஆக்ஸா பிளேடைக் கேட்டு வாங்கி, கம்பி நட்ட துண்டைத் தானே அறுத்தார்.

புதுத் துண்டு ஏறியது. வலைமூடி போடுவதற்கு முன்னால், கீழே ஃபிளஷை அழுத்தச் சொல்லிவிட்டு, குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மெல்ல உள்ளே இழுத்தது! உடம்பு சிலிர்த்துவிட்டது. செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டிய வீடு... மூச்சு வாங்குகிறது. ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் சேர்ந்து ஊர்ச் சாக்கடை மொத்தத்தையும் வெளியே நிறுத்தி வைத்திருக்கின்றன. நாம் என்னவோ கதவுக்குப் பூட்டு மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். எவ்வளவு பெரிய காரியம், எவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறது, ஆண்டவரே என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி வந்தாள். நேராகப் பாத்ரூமுக்குள் போனாள். நானும் அவரும் வெளியே நின்றோம். ஃபிளஷ் சத்தம் கேட்டது. களக் வரவில்லை. வெளியே வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். எனக்குப் பக்கென்றது.

"யம்மா, சீலா மீன் குழம்பா வச்சிருக்க?"

அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அவள் அப்பாவைக் காணோமே என்று தேடினால், அறைக்குள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தொட்டில் கட்டுவதற்கு மேலே எங்கே கொக்கி அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் அந்த இடத்தில் குழாய் ஏதும் ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.